ஆறு ரோடுகள் கூடும் ஊர்

திண்டுக்கல்லின் நெரிசலுக்கு முதல் காரணம் அதன் நிலம். ஊருக்குத் தென்கிழக்கில் சிறுமலை. மேற்கிலும் தென்மேற்கிலும் பழனி மலைத்தொடர். இரண்டுக்கும் நடுவே கிடக்கும் சமவெளித் திறப்பு வழியாகத்தான் கொங்கு நாட்டிலிருந்து மதுரைக்கும் அதற்குத் தெற்கேயும் இறங்கும் பாதைகள் காலங்காலமாகப் போய்க்கொண்டிருக்கின்றன. மதுரை, திருச்சி, கரூர், பழனி, வத்தலக்குண்டு, நத்தம் என ஆறு திசைகளிலிருந்து வரும் ரோடுகள் ஓர் ஒற்றைப் பாறையின் அடிவாரத்தில் வந்து கூடுகின்றன. அந்தப் பாறையைச் சுற்றி எழுந்த ஊர், தன் சொந்தக் கூட்டத்தோடு சமவெளி முழுவதன் கூட்டத்தையும் தினமும் தாங்குகிறது. இந்த ஊருக்குள் எப்படிப் போய் வருவது என்ற கேள்விக்கு, அந்த ஆறு ரோடுகளில் எந்த ரோட்டில், எந்த நாளில், எந்த நேரத்தில் என்று பிரித்துப் பார்த்தால்தான் சரியான பதில் கிடைக்கும்.

பாதைகளைக் காவல் காக்கவே கோட்டை எழுந்தது. மதுரை நாயக்க மன்னர் முத்துக்கிருஷ்ணப்பர் 1605இல் மலைக்கோட்டையைத் தொடங்கினார். திருமலை நாயக்கர் காலத்தில் அது மேலும் வலுப்பெற்றது. 1755இல் மைசூர்ப் படையின் தலைவராக இங்கே வந்த ஹைதர் அலி பிற்காலத்தில் மைசூரையே ஆளும் அளவுக்கு உயர்ந்தார். அந்த உயர்வுக்குத் தளமாக இருந்தது திண்டுக்கல். 1772இல் காளையார்கோவிலில் கணவரை இழந்த சிவகங்கை அரசி வேலுநாச்சியார் அடைக்கலம் தேடி வந்ததும் இந்தப் பக்கம்தான். விருப்பாச்சியில் பாளையக்காரர் கோபால நாயக்கரின் ஆதரவில் தங்கி, ஹைதரின் உதவி பெற்று, 1780இல் சிவகங்கையை மீட்டார். கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை பிடிப்பதும் மைசூர் திரும்பப் பெறுவதுமாகப் பல ஆண்டுகள் கழிந்தபின், 1792ஆம் ஆண்டின் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திண்டுக்கல் நிலையாகக் கம்பெனியின் கைக்குப் போனது.

இன்று மத்தியத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கும் அந்தக் கோட்டையின் மேல் ஏறி நிற்பது, ஊரைச் சுற்றத் தொடங்குபவருக்கு மிகப் பயனுள்ள முதல் வேலை. பாறையில் வெட்டிய படிகள் அகலமானவை, சாய்வானவை; கைப்பிடி உள்ள இடத்தில் அதைப் பிடித்துக்கொண்டே ஏறுவது நல்லது. காலையில் ஏறிவிட வேண்டும். சித்திரை, வைகாசியில் பதினொரு மணிக்கு மேல் பாறை உள்ளங்காலைச் சுடும். மேலே நிழல் குறைவு. உச்சியில் மூலவர் இல்லாத பழைய கோயிலும், வெடிமருந்தும் தளவாடமும் வைத்திருந்த அறைகளும் உள்ளன. அதைவிட முக்கியமானது அங்கிருந்து தெரியும் காட்சி. வெளிறிய கூரைகளின் நெருக்கமும், அதை அறுத்துக்கொண்டு தெற்கு வடக்காக ஓடும் ரயில் பாதையும், வெளிவட்டத்தில் லாரிகள் ஊரும் நான்குவழிச் சாலையும், அதற்கப்பால் தென்னந்தோப்புகளும், தென்கிழக்கே நீலமாகச் சிறுமலையும் தெரியும். ஊர் எவ்வளவு சிறியது என்பதும் அப்போதுதான் புரியும்.

உண்மையிலேயே சிறியது. 1866இல் நகராட்சியான திண்டுக்கல், 2014இல் மாநகராட்சியாக உயர்ந்தபோதும் அதன் எல்லை சுமார் 14 சதுர கிலோமீட்டராகவே இருந்தது. 2011 கணக்கெடுப்பின்படி அதற்குள் 2,07,327 பேர். சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 14,800 பேர் என்று வருகிறது. அதே காலத்தில் விரிவாக்கப்பட்ட மதுரை மாநகராட்சியின் பரப்பு 148 சதுர கிலோமீட்டர். ஆகத் திண்டுக்கல்லின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நிதானமாக நடந்தாலும் ஒரு மணி நேரத்துக்குச் சற்றே கூட ஆகலாம். அதற்கு மேல் ஆகாது. இந்த ஊரில் தூரம் ஒரு பொருட்டே இல்லை. ஒரே தெருவில் சரக்கு இறக்கும் வண்டியும், பள்ளிக்கூட ஆட்டோவும், வெளியூர் பஸ்ஸும், மாட்டுவண்டியும் ஒரே நேரத்தில் இடம் கேட்பதுதான் சிக்கல். நாலு சக்கர வாகனம் இங்கே பெரும்பாலும் சுமைதான். காரில் வருபவர் ஊர் ஓரத்தில் நிறுத்திவிட்டு நடப்பதோ பஸ் ஏறுவதோ புத்திசாலித்தனம்.

ஊரின் இதயம் காமராஜர் பேருந்து நிலையம். மாவட்டத்தின் எந்த மூலையிலிருந்து புறப்பட்டாலும் பயணம் இங்கே ஒருமுறை முறிந்து சேரும். உள்ளே நுழைந்ததும் பலகையைத் தேடுவதைவிடக் காதைத் தீட்டிக்கொள்வது வேகமான வழி. ஒரு பக்கம் ‘மதுரை, மதுரை’. இன்னொரு பக்கம் ‘ஒட்டன்சத்திரம், பழனி, உடுமலை’. வேறொரு மூலையில் ‘செம்பட்டி, வத்தலக்குண்டு, பெரியகுளம், தேனி’ என்று நடத்துநர்களும் நேரக்காப்பாளர்களும் கூவும் வரிசையே ரோட்டு வரைபடம். கூவலில் வரும் ஊர்களின் வரிசையைக் கவனித்தால் பஸ் எந்த வழியில் போகிறது, எங்கே நிற்கும் என்பது தெரிந்துவிடும். ‘பைபாஸ் ரைடர்’ என்று எழுதிய பஸ் இடையில் உள்ள சிற்றூர்களுக்குள் நுழையாது. சின்னாளபட்டிக்கோ அம்பாத்துரைக்கோ போக வேண்டியவர் அவசரத்தில் அதில் ஏறிவிட்டால் நெடுஞ்சாலை ஓரத்தில் இறங்கி நடக்க வேண்டிவரும்.

இந்தப் பக்கத்து பஸ் சேவைக்கு நீண்ட வரலாறு உண்டு. மதுரையை மையமாகக் கொண்டு தென் மாவட்டங்களில் ஓடிய டி.வி.எஸ். பஸ்களை இன்றும் முதியவர்கள் நேரம் தவறாமைக்கு உதாரணமாகச் சொல்வார்கள். 1972இல் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் உருவானது. பின்னர் அதிலிருந்து பிரிந்த ராணி மங்கம்மாள் போக்குவரத்துக் கழகம் திண்டுக்கல்லைத் தலைமையிடமாகக் கொண்டிருந்தது. சத்திரங்களும் சாலைகளும் அமைத்தவர் என்று மக்கள் நினைவில் நிற்கும் ஓர் அரசியின் பெயர் பஸ்ஸின் நெற்றியில் இருந்தது மிகவும் பொருத்தமானது. 1997இல் தலைவர்கள் பெயரில் இருந்த எல்லாக் கழகங்களும் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்ற ஒரே பெயருக்குள் வந்தன. ஐம்பதைத் தாண்டிய சில பயணிகளின் பேச்சில் மட்டும் ‘ராணி மங்கம்மா’ இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஊருக்குள்ளும் பக்கத்துக் கிராமங்களுக்கும் போகிறவருக்கு டவுன் பஸ்தான் ஆதாரம். 2021 மே மாதத்தில் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தபின் இந்த பஸ்களின் முகமே மாறிவிட்டது. காலை ஆறரை மணிக்கு உள்ளே பார்த்தால், முன் பாதியில் பூக்கூடைகளும் கீரைக்கட்டுகளும் டிபன் தூக்குகளும் கால் வைக்க இடமில்லாமல் நிறைந்திருக்கும். பணம் வாங்காவிட்டாலும் நடத்துநர் ஒவ்வொரு பெண்ணுக்கும் கட்டணமில்லாச் சீட்டு ஒன்றைக் கொடுத்தாக வேண்டும். கூட்டத்தைப் பிளந்துகொண்டு அவர் முன்னும் பின்னும் போய் வருவதற்குள் இரண்டு நிறுத்தங்கள் கடந்துவிடும். முன்பு கூடையைச் சுமந்து இரண்டு மூன்று கிலோமீட்டர் நடந்து வந்த கீரைக்காரப் பெண்கள் இன்று பஸ்ஸில் வந்து, மிச்சமான காசைச் சரக்கில் போடுகிறார்கள். போக்குவரத்துத் திட்டம் ஒன்றின் வெற்றியை அளக்க இதைவிட நேரான அளவு இல்லை. சில தடங்களில் பஸ்களின் எண்ணிக்கை கூட்டத்துக்கு ஈடாக உயரவில்லை என்பதும் உண்மை. நிறுத்தத்தில் பெண்கள் மட்டும் நிற்கும்போது தள்ளிப்போய் நிற்கும் பஸ்கள் மீதான கோபம் நியாயமானது.

டவுன் பஸ் போகாத இடத்துக்கு மினி பஸ் போகும். 1990களின் இறுதியில் தமிழகம் முழுவதும் வந்த இந்தச் சிறு தனியார் பஸ்கள் சமவெளியின் குக்கிராமங்களை முதல் முறையாக நகரத்தோடு சேர்த்தன. பாட்டுச் சத்தம் அதிகம். இருக்கை இடுக்கமாக இருக்கும். ஆனால் கை காட்டினால் நிற்கும். இவை தவிர, பங்குக் கட்டணத்தில் ஓடும் ஷேர் ஆட்டோக்கள் பேருந்து நிலையத்துக்கும் ரயில் நிலையத்துக்கும் முக்கிய முனைகளுக்கும் இடையே ஓடுகின்றன. தனி ஆட்டோவில் ஏறும் முன் கட்டணத்தைப் பேசி முடித்துக்கொள்ள வேண்டும். இரவிலும் மழையிலும் கேட்கும் தொகை கூடும். அதிகாலை ரயிலில் இறங்குபவர் வெளியே வந்தவுடன் முதல் ஆட்டோவில் ஏறாமல், இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு பேருந்து நிலையம் வரை போவது வழக்கம். இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் சுமார் இரண்டு கிலோமீட்டர்தான். மூட்டை இல்லாதவர் நடந்தே போய்விடலாம்.

ரயில் பாதை ஊருக்கு வாழ்வும் தடையும் ஒருசேரக் கொடுத்தது. தென்னிந்திய ரயில்வே கம்பெனி 1875இல் திருச்சியிலிருந்து மதுரைக்கு மீட்டர் கேஜ் பாதையைத் திறந்தபோது அது திண்டுக்கல் வழியாக வந்தது. திருச்சியிலிருந்து மதுரைக்குத் துவரங்குறிச்சி, மேலூர் வழியாக நேர்ச்சாலை இருக்க, ரயில் மணப்பாறை, வையம்பட்டி, அய்யலூர், வடமதுரை என்று மேற்கே வந்து திண்டுக்கல்லைத் தொட்டுப் போகிறது. 1928இல் பழனி வழியாகப் பொள்ளாச்சிக்குக் கிளை பிரிந்ததும் இது சந்திப்பானது. 1980களின் இறுதியில் கரூரிலிருந்து அகலப்பாதை வந்து சேர்ந்தபின் சேலம், ஈரோடு பக்கமும் திறந்தது. பழனி, பொள்ளாச்சிக் கிளை அகலப்பாதையாகும் பணி நீண்ட நாள் இழுத்து 2015இல் முழுமையடைந்தது. அந்த இடைக்காலத்தில் ரயிலை நம்பியிருந்த பழனிப் பயணிகள் அத்தனை பேரும் பஸ்ஸுக்கு வந்ததால் பழனி ரோடு திணறியது பலருக்கும் நினைவிருக்கும்.

தடை என்பது இதுதான்: தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் பழைய ஊரும் கடைவீதியும், அந்தப் பக்கம் புதிதாக வளர்ந்த குடியிருப்புகள். இரண்டையும் இணைக்கும் மேம்பாலங்களும் சுரங்கப்பாதைகளும் எண்ணிக்கையில் குறைவு. நாகல் நகர் மேம்பாலத்தின் மேல் பள்ளி விடும் நேரத்தில் வண்டிகள் நகராமல் நிற்பது அன்றாடக் காட்சி. சுரங்கப்பாதைகளில் ஐப்பசி, கார்த்திகை மழை தேங்கினால் அந்த வழி அடைபட்டு, மிச்சமிருக்கும் பாலத்துக்கு முழுக் கூட்டமும் திரும்பும். மழை நாளில் தண்டவாளத்தைக் கடக்க வேண்டியவர் அரை மணி நேரம் முன்னதாகவே புறப்பட வேண்டும்.

பழைய ஊரைக் கால்நடையாகப் பார்ப்பதே முறை. பேருந்து நிலையத்திலிருந்து மெயின் ரோட்டில் நடந்தால் மணிக்கூண்டு வரும். கூட்டங்களும் ஆர்ப்பாட்டங்களும் நடக்கும் இடம் அதுதான். அறிவிப்பு உள்ள மாலைகளில் வண்டிகளை வேறு வழியில் திருப்பிவிடுவார்கள். அங்கிருந்து மேற்கே போனால் ரத வீதிகள், அபிராமி அம்மன் கோயில், அதற்கப்பால் மலைக்கோட்டை அடிவாரமும் கோட்டை மாரியம்மன் கோயிலும். தெற்கே ஹைதர் அலியின் குடும்பத்துப் பெண்மணி ஒருவரின் நினைவைத் தாங்கிய பேகம்பூர். ரயில் நிலையத்துப் பக்கம் சௌராஷ்டிர நெசவாளர்களின் நாகல் நகர். ஒவ்வொன்றும் அடுத்ததிலிருந்து கால் மணி, அரை மணி நடைக்குள். நடைபாதை என்று ஒன்று தொடர்ச்சியாக இல்லாததே குறை. இருக்கும் இடத்தில் கடைகளின் படிக்கட்டும், நிறுத்திய இருசக்கர வாகனங்களும், ஜெனரேட்டர்களும் அதை விழுங்கிவிட்டன. முதியவர்களும் குழந்தையைக் கையில் பிடித்த தாய்மார்களும் வண்டிகளோடு தோள் உரசி நடக்க வேண்டியிருக்கிறது. இவ்வளவு சிறிய, இவ்வளவு நடக்கத் தோதான ஊரில் இது பெரிய அநியாயம்.

கடைத்தெருக்களுக்குள் ஒரு நேரக் கணக்கு உண்டு. பூ மார்க்கெட் விடியலுக்கு முன்பே விழித்துவிடும். நிலக்கோட்டைப் பக்கத்து மல்லிகையும் சுற்று வட்டாரத்துச் சம்பங்கியும் கோழிக்கொண்டையும் சாக்குகளில் வந்து இறங்கும். ஈரச் சாக்கைத் தோளில் போட்டு ஓடுபவருக்கு எல்லோரும் வழிவிட வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். காய்கறி மார்க்கெட்டிலும் சின்ன வெங்காய மண்டிகளிலும் காலை ஒன்பது வரை லாரிகளின் ஆட்சி. சிறுமலை வாழையும் பலாவும் எலுமிச்சையும் வந்து இறங்கும் சிறுமலை செட்டும் காலையில்தான் களைகட்டும். ஒன்பதிலிருந்து பத்தரை வரை பள்ளி, கல்லூரி, அலுவலகக் கூட்டம். பதினொன்று முதல் நான்கு வரை ஊர் ஓரளவு மூச்சுவிடும். வெளியூர்க்காரர் கடைவீதி வேலைகளை முடிக்க அதுவே தக்க பொழுது. ஞாயிறு மதியம் மட்டும் விலக்கு. 1957இல் ஆனந்த விலாஸ் என்ற பெயரில் தொடங்கிப் பின்பு தலப்பாக்கட்டி என்று உலகமறிந்த பிரியாணிக் கடையும், சீரகச் சம்பா அரிசியில் சமைக்கும் மற்றக் கடைகளும் உள்ள தெருக்களில் அப்போது கார் நிறுத்த இடம் தேடுவது வீண்.

நேரத்தைப் போலவே நாளும் முக்கியம். திங்கட்கிழமை வேலுநாச்சியார் வளாகத்தில் உள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். நத்தம் மலையடிவாரத்திலிருந்தும் குஜிலியம்பாறையிலிருந்தும் மனுவோடு புறப்படும் குடும்பங்கள் காலையில் பேருந்து நிலையத்தில் இறங்கி, ஊருக்கு வெளியே இருக்கும் அந்த அலுவலகத்துக்கு மீண்டும் ஒரு பஸ் பிடிக்கின்றன. முகூர்த்த நாட்களில் ஆட்டோ கிடைப்பது அரிது; பூவின் விலையும் அன்று எட்டாத உயரத்துக்குப் போகும். மாசியில் கோட்டை மாரியம்மன் திருவிழா நடக்கும் வாரங்களில் கோட்டையடிவாரத்துத் தெருக்கள் முழுக்கப் பக்தர்களுக்கே உரியவை.

எல்லாவற்றையும் விடப் பெரியது தைப்பூசம். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து நகரத்தார் காவடிகள் குன்றக்குடியிலிருந்து கிளம்பி, சிங்கம்புணரி, நத்தம் வழியாக வந்து, திண்டுக்கல்லைக் கடந்து பழனி ரோட்டில் சேரும். அவர்களோடும் முன்னும் பின்னுமாகவும் லட்சக்கணக்கானோர் நடக்கிறார்கள். தை மாதம் பிறந்ததிலிருந்தே நத்தம் ரோட்டிலும் பழனி ரோட்டிலும் பச்சை, காவி உடுத்தியவர்களின் வரிசை அறுபடாது. இரவு நடையில் வண்டி மோதி உயிரிழந்தவர்கள் உண்டு என்பதால் காவல் துறை முதுகில் ஒட்டிக்கொள்ள ஒளிரும் பட்டைகளைக் கொடுக்கிறது. பழனி ரோட்டின் ஓரத்தில் நடப்பவருக்கென்று தனிப் பாதையும் போடப்பட்டுள்ளது. அந்த நாட்களில் வண்டி ஓட்டுபவர் வேகத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்வது கடமை. வழியெங்கும் அன்னதானப் பந்தல்கள் இருப்பதால், நடப்பவருக்கு மட்டும் அது ஆண்டின் மிக எளிய பயணம்.

ஊரைவிட்டு வெளியே இறங்கினால் ஒவ்வொரு ரோட்டுக்கும் ஒவ்வொரு குணம். மதுரை ரோடு மிக வேகமானது. ஸ்ரீநகர் முதல் கன்னியாகுமரி வரை ஓடும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் ஒரு துண்டு அது; அறுபத்தைந்து கிலோமீட்டர் போனால் மதுரை. ஆனால் வேகமாகப் போகிறவர் சின்னாளபட்டியைத் தவறவிடுவார். திண்டுக்கல்லிலிருந்து பதினோரு கிலோமீட்டர் அளவில் உள்ள அந்த நெசவூருக்கு டவுன் பஸ் உண்டு. சுங்குடிச் சேலையும் பட்டும் தறியிலிருந்து நேராகக் கிடைக்கும். அதற்கு அடுத்தாற்போல் காந்திகிராமம். 1947இல் அதை நிறுவிய டாக்டர் சௌந்தரம், டி.வி.எஸ். பஸ் கம்பெனியைத் தொடங்கிய டி.வி. சுந்தரம் அய்யங்காரின் மகள். 1956இல் தொடங்கிய அங்குள்ள கிராமிய நிறுவனம் 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. அம்பாத்துரை ரயில் நிலையத்தில் இறங்கியும் அங்கே போகலாம்.

வத்தலக்குண்டு ரோடுதான் அதிகம் பொறுமை கேட்பது. கொடைக்கானலுக்கும் தேனிக்கும் குமுளிக்கும் போகிற அனைத்தும் அதில் போகிறது. திண்டுக்கல்லிலிருந்து குமுளிப் பக்கம் ரயில் வேண்டும் என்ற கோரிக்கை தலைமுறை கடந்தும் நிறைவேறவில்லை. மதுரையிலிருந்து போடி வரையிலான ரயில் மட்டும் 2023இல் அகலப்பாதையில் திரும்பி வந்தது. ஆகவே கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்களின் வண்டிகளும், கோடை விடுமுறையில் கொடைக்கானல் வண்டிகளும் இந்த ஒரே ரோட்டின் மேல் ஏறுகின்றன. செம்பட்டி நாற்சந்தியில் மதுரைப் பக்கத்திலிருந்து ஒட்டன்சத்திரம், பழனிக்குப் போகும் சாலை குறுக்கிடும். அங்கே காத்திருப்பது தவிர்க்க முடியாதது. ரயில் வந்த காலத்தில் கொடைக்கானல் போவோர் அம்மையநாயக்கனூரில், அதாவது இன்றைய கோடை ரோடு நிலையத்தில் இறங்கி மாட்டுவண்டியில் அடிவாரம் சென்று, பிறகு குதிரையிலோ டோலியிலோ ஏறினார்கள். 1914இல் லாஸ் காட் சாலை முடிந்தபின்தான் மோட்டார் மேலே போனது. வத்தலக்குண்டு இன்றும் மலைக்கும் சமவெளிக்கும் பஸ் மாறும் இடம். எழுத்தாளர்கள் ராஜம் ஐயருக்கும் சி.சு. செல்லப்பாவுக்கும் சொந்த ஊர் என்பதைத் தெரிந்துகொண்டு நிற்பவருக்குக் காத்திருப்பு சற்று இலகுவாகும்.

பழனி ரோட்டில் முப்பது கிலோமீட்டரில் ஒட்டன்சத்திரம். முருங்கையும் தக்காளியும் கேரளத்துக்கு ஏற்றும் காய்கறிச் சந்தை அதன் உயிர்; மாலையில் அந்தச் சரக்கு லாரிகள் கிளம்பும் நேரத்தில் பஸ்கள் ஊர்ந்துதான் போகும். கரூர் ரோட்டில் எட்டுக் கிலோமீட்டர் அளவில் தாடிக்கொம்பு, சௌந்தரராஜப் பெருமாள் கோயில் மண்டபத்தின் ஆளுயரச் சிற்பங்களுக்காகப் போக வேண்டிய ஊர். அதைத் தாண்டி வேடசந்தூர். நூற்பாலை வேலைக்குப் பெண்களை ஏற்றிச் செல்லும் ஆலை பஸ்களைக் காலையிலும் மாலையிலும் அந்தப் பக்கம் நிறையப் பார்க்கலாம். திருச்சி ரோட்டில் அய்யலூர், வியாழக்கிழமை ஆட்டுச் சந்தைக்குப் பேர்போனது. தீபாவளிக்கும் பக்ரீத்துக்கும் முந்தைய வியாழன்களில் விடிகாலை முதலே சரக்கு வண்டிகள் அங்கே குவியும்.

நத்தம் ரோட்டிலிருந்துதான் சிறுமலைக்குப் பிரியும் பாதை. பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட அந்த மலைப்பாதையில் திண்டுக்கல்லிலிருந்து அரசு பஸ் போய் வருகிறது. ஏறும்போது இடப்பக்கமோ வலப்பக்கமோ, ஜன்னலோரம் கிடைத்தால் போதும். ஒவ்வொரு வளைவிலும் சமவெளி இன்னும் கொஞ்சம் விரியும். மேலே பஸ் செல்லாத தோட்டங்களிலிருந்து வாழைத்தாரையும் பலாவையும் சாலைக்குக் கொண்டுவர விவசாயிகள் இன்னும் குதிரைகளை வைத்திருக்கிறார்கள். 2008இல் புவிசார் குறியீடு பெற்ற சிறுமலை வாழை சந்தைக்கு வரும் பயணத்தின் முதல் கட்டம் குதிரை முதுகில். இரண்டாவது கட்டம் அந்த பஸ்ஸின் கூரையிலோ வேனிலோ. மாலை கடைசி பஸ் எப்போது என்பதைக் காலையில் ஏறும்போதே நடத்துநரிடம் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். அதைத் தவறவிட்டால் மலையில் வேறு பொது வண்டி கிடையாது.

நெடுந்தூரப் பயணத்துக்கு ரயிலே சிறந்தது. சென்னைக்கு வைகை, பாண்டியன் முதலிய பழைய ரயில்களோடு, 2023 செப்டம்பரில் தொடங்கிய நெல்லை வந்தே பாரத்தும் திண்டுக்கல்லில் நிற்கிறது. மதுரைக்கு ரயிலில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். பஸ்ஸைவிடக் கட்டணம் குறைவு, குலுக்கல் இல்லை. பேருந்து நிலையத்தின் கூட்டத்தைத் தவிர்க்க விரும்புபவர் பழனிக்கும் ரயிலைப் பார்க்கலாம். வண்டிகள் குறைவு என்பதால் நேரத்தை முன்பே அறிந்து போக வேண்டும்.

இரவில்தான் வெளியூரார் அதிகம் தவிக்கிறார்கள். சென்னை, பெங்களூரிலிருந்து தெற்கே போகும் பல விரைவுப் பேருந்துகளும் ஆம்னி பஸ்களும் நடுச்சாமத்தில் ஊருக்குள் வராமல், பைபாஸில் ஏதேனும் ஒரு சந்திப்பில் பயணியை இறக்கிவிட்டுப் போய்விடுகின்றன. அங்கே விளக்கு மங்கல். டீக்கடை இருந்தால் உண்டு. டிக்கெட் எடுக்கும்போதே ‘பேருந்து நிலையத்துக்குள் வருமா, பைபாஸா, எந்த பைபாஸ்’ என்று கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். வத்தலக்குண்டு பைபாஸில் இறங்குபவருக்கும் கரூர் ரோட்டுப் பக்கம் இறங்குபவருக்கும் ஊருக்குள் வரும் வழி வேறு, ஆட்டோக் கட்டணம் வேறு. தனியாக வரும் பெண்களும் முதியவர்களும் இரவு ரயிலைத் தேர்வது நல்லது. நிலையத்தில் விடியும்வரை காத்திருக்க அறை உண்டு, காவலர் உண்டு. விடிந்ததும் முதல் டவுன் பஸ்ஸைப் பிடித்து ஆறு ரோடுகளில் எதில் வேண்டுமானாலும் போகலாம்.